வாங்கி வைக்கிறேன்

கியோத்தோவில் ஒரு வருஷம் எனக்குச் சோறாக்கித் தந்த ரைஸ் குக்கரை ஊருக்கு எடுத்து வர முடியவில்லை. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நம் ஊரில் 230. கும்பகோணத்துக்குக் கொண்டு வந்து ப்ளக்கில் சொருகினால் அன்றோடு அதன் கதை முடிந்துவிடும். அதனால் அது அங்கேயே இருக்கிறது.

என்னிடமும் அது கைமாறித்தான் வந்தது. 2023 செப்டம்பர் கடைசியில் நான் விடுதிக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள், ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வங்கதேசத்து மாணவர் ஒருவர் கதவைத் தட்டினார். "நீங்கள் சோறு சாப்பிடுகிறவர்தானே?" என்று கேட்டுவிட்டுக் குக்கரைக் கையில் கொடுத்தார். பிறகு அதை வாங்கித் தலைகீழாகத் திருப்பிக் காட்டினார். அடியில் வெள்ளை டேப் ஒட்டி, பேனாவால் ஊர்ப் பெயர்கள் எழுதியிருந்தன. சியாங் மாய் 2016. யோக்யகர்த்தா 2018. ஹனோய் 2019. அப்புறம் ஓர் இடைவெளி. கொரோனாவுக்காக ஜப்பான் கதவைச் சாத்தி வைத்திருந்த காலம் அது. 2022 மார்ச்சில்தான் வெளிநாட்டு மாணவர்களை மறுபடி பெரிய அளவில் உள்ளே விட்டார்கள். அந்த இடைவெளிக்குக் கீழே ராஜ்ஷாஹி 2023 என்று மை காயாமல் இருந்தது. அன்று காலைதான் எழுதினாராம். "வரும்போது எழுதக் கூடாது. போகும்போது எழுதுங்கள்" என்றார்.

போகும் தேதி எங்கள் எல்லோருக்கும் முதல் நாளே தெரியும். கன்சாய் விமான நிலையத்தில் இறங்கியதும் கொடுக்கும் தங்குமிட அட்டையில் அது அச்சாகி இருக்கும். ஒரு வருஷப் பரிமாற்றத் திட்டத்தில் வந்தவர்கள் ஏழு பேர் ஒரே மாடியில் இருந்தோம். ஏழு அட்டையிலும் ஏறக்குறைய ஒரே தேதி.

திரும்பி வந்ததும் ஒரு சொந்தக்காரர், "ஒரு வருஷப் பழக்கம்தானே, ரயில் சிநேகிதம் மாதிரி" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தப் பேச்சை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். ஊரில் எனக்கு உயிர்த் தோழிகள் இருக்கிறார்கள். இருபது நிமிஷப் பயணத்தில் இருக்கும் தாராசுரத்துக்குச் சேர்ந்து போகலாம் என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். "ஒருநாள் போகலாம்" என்றே பத்து வருஷம் போய்விட்டது. கியோத்தோவில் எங்களுக்கு அந்த "ஒருநாள்" கிடையாது. யாராவது "தாய்மோன்ஜி மலை ஏறலாமா?" என்று கேட்டால் அன்று மாலையே ஏறிவிடுவோம். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டுபோக நாலு பேர் நிற்பார்கள். மனஸ்தாபம் வந்தாலும் இரண்டாம் நாளே போய்ப் பேசிவிடுவோம். தள்ளிப்போட நாள் இருக்காது.

பெயர்களை எழுதவில்லை. எழுதட்டுமா என்று அவர்களிடம் நான் கேட்கவில்லை.

முதலில் என் மொழித்தோழி. ஜப்பான்காரி, மாய்சுரு என்ற துறைமுக ஊரைச் சேர்ந்தவள். அவள் எனக்கு ஜப்பானியம் சொல்லித் தர வேண்டும், நான் அவளுக்கு ஆங்கிலம் பேசிப் பழக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. மூன்றாம் வாரமே ஆங்கிலம் போய்த் தமிழ் வந்துவிட்டது. காரணம் அவள் சொல்லித் தந்த ஒரு சொல். வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஜப்பானில் "இத்தே கிமாஸ்" என்பார்கள். இத்தே என்றால் போய். கிமாஸ் என்றால் வருகிறேன். போய் வருகிறேன்! நான் எழுந்தே நின்றுவிட்டேன். எங்கள் வீட்டில் யாராவது "போறேன்" என்று சொல்லிவிட்டால் அப்பாயி விடமாட்டார். "போயிட்டு வரேன்னு சொல்லு" என்று வாசல் வரை வந்து திருத்துவார். அதை அவளிடம் சொன்னதும் அவள் நோட்டை எடுத்துவிட்டாள்.

அதன் பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் அதுதான் வேலை. தாபேதே மிரு: சாப்பிட்டுப் பார். மிரு என்றால் பார்ப்பதுதான். அவர்களும் நம்மைப்போலவே சாப்பிட்டுத்தான் பார்க்கிறார்கள். வசுரேதே ஷிமத்தா: மறந்துவிட்டேன். கத்தே ஒக்கு: வாங்கி வை. ஒக்கு என்றால் வைப்பது. பின்னால் தேவைப்படும் என்று இப்போதே ஒன்றைச் செய்வதற்கு அவர்களும் 'வை' போடுகிறார்கள், நாமும் 'வை' போடுகிறோம். இரண்டு மொழிக்கும் உறவு உண்டா என்ற வாதத்துக்கெல்லாம் நான் போகவில்லை. அது அறிஞர்கள் பாடு. எனக்குத் தெரிந்தது, ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம் சுற்றி வளைத்துச் சொன்னாலும் வராத ஒன்று இவளிடம் ஒரே சொல்லில் போய்ச் சேர்ந்தது.

நாங்கள் உட்காரும் இடம் தெமாச்சியானகியில் ஆற்றங்கரை. காமோ ஆறும் தாக்கானோ ஆறும் அங்கேதான் கூடுகின்றன. ஆற்றுக்குக் குறுக்கே ஆமை வடிவத்தில் கற்களைப் போட்டிருப்பார்கள். பிள்ளைகள் நாளெல்லாம் அதில் தாவிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே ஃபுத்தாபா என்று 1899-ல் தொடங்கிய பலகாரக் கடை. அங்கே மாமேமோச்சி பேர்போனது. பசை அரிசியை இடித்த மாவில் சிவப்புப் பட்டாணியை உப்போடு சேர்த்து, உள்ளே இனிப்புப் பூரணம் வைத்தது. வரிசையில் நின்று வாங்க வேண்டும். வாங்கினால் அன்றைக்கே தின்றுவிட வேண்டும்; மறுநாள் இறுகிப் போய்விடும். முதல் தடவை பொட்டலத்தைப் பிரித்து ஒன்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனேன். தலைக்குப் பின்னாலிருந்து சடாரென்று ஒரு காற்று. கை காலியாக இருந்தது, சுட்டுவிரலில் ஒரு கீறல். பருந்து! கரையோரம் எச்சரிக்கைப் பலகையே உண்டு, நான்தான் பார்க்கவில்லை. அவள் தன் பங்கைப் பாதியாகப் பிய்த்து, குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, அதற்குள் வைத்து எனக்குக் கொடுத்தாள். அதற்கப்புறம் வெயிலோ மழையோ, நாங்கள் குடைக்குள்தான் தின்போம்.

எங்களில் முதலில் கிளம்பியது பக்கத்து அறை வியட்நாம் தோழி. ஹுவே நகரத்துக்காரி. ஆகஸ்ட் 6 விடியற்காலை. முந்தின இரவு ஒரு மணி வரை அவள் பெட்டியை அடுக்கினோம். மேலே உட்கார்ந்து ஜிப் போட்டோம், எடை பார்த்தோம், இரண்டு கிலோ கூட இருந்தது, மறுபடி பிரித்தோம். "நாலரைக்கு எழுப்பு, பஸ் ஸ்டாப் வரை வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். கண் விழித்தபோது மணி ஏழு. கதவுக் கைப்பிடியில் ஒரு பை தொங்கியது. பாதி பாட்டில் மீன் சாறு, கால் பை அரிசி, நாலு முட்டை, பிரிக்காத ஒரு பாக்கெட் தேயிலை, அவளுடைய செருப்பு. குளிர்காலத்தில் நடைவழியில் நான் அடிக்கடி இரவல் போட்டுக்கொண்டு போகும் பஞ்சுச் செருப்பு. சீட்டு எதுவும் இல்லை. எழுப்ப மனம் வரவில்லை என்று அப்புறம் போனில் சொன்னாள். எழுப்பியிருக்கலாம். அந்த நாற்பது அடி நடைவழியை அவளோடு நடக்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை.

பிரேசில் நண்பன் கிளம்புவதற்கு முன்னால் கோபேக்குப் போக வேண்டும் என்றான். அவனுடைய கொள்ளுத்தாத்தா அங்கேயிருந்துதான் கப்பல் ஏறினாராம். ஜப்பானியர்கள் பிரேசிலுக்குக் கூட்டமாகக் குடிபெயரத் தொடங்கியது 1908-ல். காசாத்தோ மாரு என்ற கப்பல் 781 ஒப்பந்தக் கூலிகளோடு கோபேயிலிருந்து புறப்பட்டு, 50 நாளுக்கு மேல் கடலில் போய் சாந்தோஸ் துறைமுகத்தைப் பிடித்தது. காப்பித் தோட்ட வேலை. நம் ஆட்கள் இலங்கைக்கும் மலேயாவுக்கும் போன கதைதான். போகிறவர்கள் கப்பல் ஏறும்வரை தங்குவதற்கென்று 1928-ல் அரசாங்கம் ஒரு கட்டடம் கட்டியது. மேட்டின் மேல் அது இன்னும் இருக்கிறது, இப்போது அருங்காட்சியகம். சில நாள் அங்கே தங்கவைத்து, ஊசி போட்டு, போர்த்துக்கீசியம் நாலு வார்த்தை சொல்லிக் கொடுத்து அனுப்புவார்களாம்.

அவன் கொள்ளுத்தாத்தா 1930-களில் போனவர். திரும்பவே இல்லை. அவன், நான், மாய்சுருக்காரி மூன்று பேரும் வாசலில் நின்றோம். அங்கிருந்து துறைமுகம் வரை நேராக இறங்குகிற சாலை. மூட்டை முடிச்சோடு எல்லோரும் அந்த இறக்கத்தில்தான் நடந்து போனார்கள். "இத்தே கிமாஸ் என்று சொல்லியிருப்பாரா?" என்று அவன் கேட்டான். மாய்சுருக்காரி பதில் சொல்லவில்லை. ரயிலில் திரும்பும்போது தன் ஊரைப் பற்றிச் சொன்னாள். போர் முடிந்தபின் சைபீரியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்த ஜப்பானியர்களில் பலர் அங்கே வந்துதான் இறங்கினார்கள். 1945 முதல் 1958 வரை பதின்மூன்று வருஷம், ஏறக்குறைய 6,60,000 பேர். கப்பல் வரும் நாளெல்லாம் ஊர்ப் பெண்கள் தேநீர்ப் பாத்திரத்தோடு துறைக்குப் போவார்கள். அவளுடைய கொள்ளுப்பாட்டியும் போவாராம். அவர் வீட்டிலிருந்து யாரும் போருக்குப் போகவில்லை, யாரும் வரவேண்டியதும் இல்லை. "இருந்தாலும் போட்டு வைத்தார்" என்றாள். தேநீரை. 'வை' என்பதை அவள் தமிழிலேயே சொன்னாள்.

ஆகஸ்ட் 16 இரவு கியோத்தோவைச் சுற்றியுள்ள ஐந்து மலைகளில் தீ வைப்பார்கள். ஒகுரிபி என்று பெயர், வழியனுப்பும் நெருப்பு. ஓபோன் நாட்களில் வீட்டுக்கு வந்திருந்த முன்னோர்களை அன்று திருப்பி அனுப்புகிறார்கள். எட்டு மணிக்குக் கிழக்கு மலையில் 'பெரிய' என்ற எழுத்து எரியத் தொடங்கும். ஐந்தைந்து நிமிஷ இடைவெளியில் மற்ற நான்கும்: இரண்டு எழுத்துகள் சேர்ந்து ஒன்று, ஒரு படகு, இன்னொரு 'பெரிய', கடைசியில் கோயில் தோரண வாயில். ஒவ்வொன்றும் அரைமணி நேரம்தான்.

அன்று பகலில் கின்காக்குஜி கோயில் வாசலில் விறகுக் கட்டைகளில் பெயர் எழுதிக் கொடுக்கலாம். ராத்திரி அந்தத் தீயில் போட்டு எரிப்பார்கள். முந்தின வருஷம் போன எங்கள் அப்பாயியின் பெயரை நான் தமிழில் எழுதிக் கொடுத்தேன். ஆடி அமாவாசை முடிந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. மேசையில் இருந்த பெரியவர் எழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலை குனிந்து இரண்டு கையாலும் கட்டையை வாங்கி வைத்தார்.

இரவு ஆற்றங்கரையில் இடமே இல்லை. 35 டிகிரி அடித்த பகலின் புழுக்கம் எட்டு மணிக்கும் போகவில்லை. மிச்சமிருந்த நாங்கள் ஐந்து பேர் ஒரே பாயில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். எரியும் எழுத்தின் நிழலை ஒரு கிண்ணம் சாராயத்திலோ தண்ணீரிலோ பிடித்துக் குடித்தால் நோய் அண்டாது என்று அங்கே ஒரு நம்பிக்கை. எங்களிடம் இருந்தது பார்லி டீ. பாட்டில் மூடியில் ஊற்றி, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தோம். ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி மட்டும் தெரிந்தது. மாற்றி மாற்றிக் குடித்தோம். முதலில் எழுத்தின் ஓரங்கள் அணைந்தன, அப்புறம் நடு. கடைசிப் பொறி அணையும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை. ஹுவே தோழிக்கு வீடியோ கால் போட்டிருந்தோம். அங்கே மணி ஆறரை, அவள் அம்மா பின்னால் சமைத்துக்கொண்டிருந்தார்.

மீதி நாட்கள் அலைச்சல். வார்டு ஆபீஸில் ஊரை விட்டுப் போகிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், அப்போது இருந்த காப்பீட்டு அட்டையைத் திருப்பித் தர வேண்டியிருந்தது, வங்கிக் கணக்கை மூட வேண்டியிருந்தது. பெரிய சாமான்களை அங்கே சும்மா தூக்கிப் போட முடியாது. முன்பதிவு செய்து, கடையில் ஸ்டிக்கர் வாங்கி ஒட்டித்தான் வைக்க வேண்டும். சைக்கிளைக் கைமாற்றுவதற்கும் பதிவை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வாங்கியவரைப் போலீஸ் நிறுத்தி, இது யார் வண்டி என்று கேட்கும். கூடை வைத்த என் வண்டியை ஏப்ரலில் வந்த நேபாளத்துத் தம்பிக்குக் கொடுத்தேன். பின் பிரேக் மழையில் கத்தும், பயப்படாதே என்று சொல்லிக் கொடுத்தேன். குக்கரும் அவனுக்குத்தான். டேப்பில் இடம் குறைவாக இருந்தது. ராஜ்ஷாஹிக்குக் கீழே தமிழில் பொடியாகக் கும்பகோணம் 2024 என்று எழுதினேன். 'ம்' டேப்பைத் தாண்டி பிளாஸ்டிக்கில் போய் விழுந்தது.

கிளம்பும் முந்தின நாள் பொதுச் சமையலறையில் எனக்கு வழியனுப்பு விருந்து. தாக்கோயாகி போடுவதாக ஏற்பாடு. ஆக்டோபஸ் துண்டு வைத்து மாவை உருண்டையாகச் சுடும் பண்டம் அது. அதற்கென்று குழி குழியாக ஒரு கல் உண்டு. போன அக்டோபரில் அந்தக் கல்லை முதலில் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, இது நம் குழிப்பணியாரக் கல்லேதான். சுற்றிச் சுற்றித் திருப்பிவிடும் கம்பிகூட அதேதான். அன்று பாதிக் கல்லில் அவர்கள் தாக்கோயாகி ஊற்றினார்கள், பாதியில் நான் இனிப்புப் பணியாரம் ஊற்றினேன். கோதுமை மாவு, வாழைப்பழம், ஏலக்காய். வெல்லத்துக்குப் பதில் ஒக்கினாவாவின் கருஞ்சர்க்கரை. அந்தச் சர்க்கரைக்குக் கருப்பட்டிக்குப் பக்கத்தில் வருகிற ஒரு மணம் உண்டு. பிரேசில்காரன் பதினான்கு தின்றான். ஒரு குழியில் கைதவறி இரண்டு மாவும் கலந்துவிட்டது. அதை யார் தின்பது என்று சீட்டுப் போட்டோம்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சதுர அட்டையைக் கொடுத்தார்கள். பிரிந்து போகிறவருக்கு எல்லோரும் சேர்ந்து எழுதித் தருவது அங்கே வழக்கம். நடுவில் பெயர், சுற்றிலும் பூவிதழ் மாதிரி ஆளுக்கொரு பத்தி. "இங்கே படிக்காதே" என்றார்கள். பையில் வைத்துக்கொண்டேன்.

எங்கள் விடுதிக் காப்பாளர் அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். தினமும் காலை வாசல் பெருக்கிக்கொண்டே, நான் "இத்தே கிமாஸ்" என்றதும் "இத்தெராஷ்ஷாய்" என்பார். போய் வா என்று அர்த்தம். நிரந்தரமாகப் போகிறவரிடம் அதைச் சொல்வதில்லை. "ஒசேவா நி நரிமாஷ்தா" என்பதுதான் முறை, உங்கள் கவனிப்பில் இருந்தேன் என்று. நானும் அதை நன்றாக மனப்பாடம் செய்து போய், குனிந்து, சொல்லி முடித்தேன். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். என் பையின் வார் முறுக்கியிருந்ததை நேராக்கினார். "இத்தெராஷ்ஷாய்" என்றார். அவ்வளவுதான். நண்பர்கள் ஆளுக்கொரு பெட்டியை இழுத்துக்கொண்டு ஹியாக்குமான்பென் நிறுத்தத்துக்கு நடக்க, நான் மூலையில் திரும்பிப் பார்த்தேன். அங்கேயே நின்று கை ஆட்டிக்கொண்டிருந்தார். ஆள் கண் மறையும்வரை உள்ளே போக மாட்டார்கள். பஸ் வளைந்தபோதும் தெரு முனையில் அந்த வெள்ளை ஏப்ரன் தெரிந்தது.

விமான நிலையம் போகிற ரயிலுக்கு ஹருகா என்று பெயர். வெகுதொலைவு என்று பொருள். கியோத்தோ ஸ்டேஷனின் 30-ஆம் நடைமேடையில் நின்று நாங்கள் பேசியதெல்லாம் சாதாரணப் பேச்சு. தண்ணீர் வாங்கினாயா, சார்ஜர் எடுத்தாயா, சிங்கப்பூரில் எத்தனை மணி நேரம். மாய்சுருக்காரி ஒரு வார்த்தை பேசவில்லை. என் கீறல் பட்ட சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டே நின்றாள். கீறல் ஆறி மாதக்கணக்காகிறது, தழும்புகூட இல்லை. கதவு மூடியபோது நான் அழுதேன். அவர்களும்தான்.

குடியேற்றப் பிரிவில் என் தங்குமிட அட்டையை வாங்கி, பஞ்சிங் மெஷினில் வைத்து ஒரு ஓட்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். இனி அது செல்லாது. விமானம் ஏற இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. சதுர அட்டையை எடுத்தேன். ஆங்கிலம், ஜப்பானியம், போர்த்துக்கீசியம். ஹுவே தோழி போட்டோவாக அனுப்பியதைப் பிரதியெடுத்து ஒட்டியிருந்தார்கள். கீழ் ஓரத்தில், பென்சிலால் கோடு போட்டு அதன் மேல் பேனாவால், ஒவ்வோர் எழுத்தாக வரைந்த தமிழ். 'ங்'கின் வளைவை இரண்டு தடவை அழித்து எழுதிய அடையாளம் இருந்தது.

மாமேமோச்சி வாங்கி வைக்கிறேன்.

போனை எடுத்து அவளுக்கு எழுதினேன். கத்தே ஒய்தே. வாங்கி வை.